ரம்மி ஆடிய கையோடு போக்கர் கற்றுக்கொண்டவர்கள்: அனுபவப் பகிர்வு

சிங்கப்பூரிலிருந்து:

வணக்கம். நம்மில் போக்கர் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ரம்மி ஆடிப் பழகியவர்கள்தான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் பெரியவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்ட ஆட்டம். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் என்னை எழுப்பிவிட்டதில்லை. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. இந்தப் பழக்கத்தோடு போக்கர் மேசைக்கு வந்தால் எது கைகொடுக்கிறது, எதை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது? அவரவர் அனுபவத்தைச் சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். நான் ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூட வேலை பார்க்கும் தோழியின் அப்பா. தோ பாயோவில் வீடு. சீனப் புத்தாண்டு என்றால் சாப்பாடு முடிந்த கையோடு அங்கே சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் ஆடிக்கொள்ள இங்கே சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் கற்றுக்கொள்கிறவர்கள் காசு வைக்கக் கூடாது என்று அங்கிள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லாம் பிளாஸ்டிக் சிப்ஸ்தான்.

நாங்கள் ஆடியது டெக்ஸஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும். முதலில் மூன்று சேர்ந்து விழும், அது ஃப்ளாப். அப்புறம் ஒன்று, அது டர்ன். கடைசிச் சீட்டு ரிவர். இரண்டு சீட்டு கைக்கு வந்ததும் ஒரு சுற்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்று சிப்ஸ் வைக்கலாம், வைக்காமல் விடலாம், ஃபோல்டு செய்து விலகலாம். கையில் இரண்டு, தரையில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. விதி இவ்வளவுதான், அரை மணி நேரத்தில் யாருக்கும் புரிந்துவிடும்.

அங்கிள் எங்களை எடுத்த எடுப்பில் ஆடவிடவில்லை. ஐந்து சீட்டைத் திறந்து போட்டுவிட்டு, "இந்தத் தரைக்கு எந்த இரண்டு சீட்டு வைத்திருப்பவரை யாராலும் ஜெயிக்க முடியாது?" என்று கேட்பார். எனக்கு நினைவில் நிற்கும் தரை இது: ஸ்பேடு 9, ஸ்பேடு 8, ஆட்டின் 7, டைமண்ட் 2, கிளாவர் ராஜா. பார்த்ததும் மனசு ராஜாவிடம்தான் போகும். கையில் இரண்டு ராஜா இருந்தால் மூன்று ராஜா ஆகிவிடுமே என்று தோன்றும். அங்கிள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒரே சின்னத்தில் மூன்று சீட்டு தரையில் இருக்கிறதா? இல்லை, அப்படியானால் யாருக்கும் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, கிடையாது. தரையில் ஜோடி இருக்கிறதா? இல்லை; ஃபுல் ஹவுஸும் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) கிடையாது. மிச்சம் இருப்பது வரிசை. 7, 8, 9 கிடக்கிறது. கையில் பத்தும் ஜாக்கியும் வைத்திருப்பவர்தான் ராஜா. மூன்று நிஜ ராஜா வைத்திருப்பவரும் அவரிடம் தோற்பார்.

இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். ரம்மியில் நம் கண் நம்முடைய பதிமூன்று சீட்டிலேயே கிடக்கும். கீழே போடும் சீட்டை அடுத்தவர் எடுக்கிறாரா என்று பார்ப்பதோடு சரி. போக்கரில் நம் கையில் இருப்பது இரண்டே சீட்டு. அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. மீதி நேரமெல்லாம் தரையையும் மற்றவர்கள் வைக்கும் சிப்ஸையும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஸ்கூட். ரம்மியில் கை சரியில்லை என்று ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40. அதனால் எதையாவது சேர்த்துவிடலாம் என்று கடைசிவரை உட்கார்ந்திருப்போம். போக்கரில் முறை வைத்து இரண்டு பேர்தான் பிளைண்டு என்று முதலிலேயே சிப்ஸ் வைக்கிறார்கள். மற்றவர்கள் இரண்டு சீட்டைப் பார்த்துவிட்டு விலகினால் ஒரு சிப்ஸ்கூடப் போகாது. ஏழும் இரண்டும் வேறு வேறு சின்னத்தில் வந்தால் சந்தோஷமாகக் கவிழ்த்துவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்கலாம். கையில் ஜோடி வருவதே சராசரியாக 17 கைக்கு ஒரு தடவை. இரண்டு ஏஸ் வருவது 221க்கு ஒரு தடவை. ஆகவே விலகுவதுதான் இந்த ஆட்டத்தில் அதிகம் செய்ய வேண்டிய வேலை. அந்த மேசையில் மிகவும் அமைதியாக இருந்தவர் தோழியின் அம்மா. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கைக்குக் கை விலகுவார். ஆனால் அவர் சிப்ஸைத் தள்ளி வைத்தார் என்றால் மேசையே யோசிக்கும். கவனித்துப் பார்த்ததில் அவர் விலகிய கைகள்தான் அந்த மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தன என்று புரிந்தது.

கோவையிலிருந்து:

நல்ல ஆரம்பம் சகோதரி. நான் வந்தது மூணு சீட்டு வழியாக. அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிய வேண்டும். மூணு சீட்டில் வரிசை கலரை ஜெயிக்கும். போக்கரில் நேர்மாறு, கலர்தான் வரிசையை ஜெயிக்கும். ஃப்ளஷ் என்பது கலர், ஸ்ட்ரெய்ட் என்பது வரிசை. எங்கள் மேசையில் இதற்காகப் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் கல்லூரியில் கணிதம் எடுக்கும் நண்பர் ஒரு தாளில் எண்ணிக் காட்டினார்.

52 சீட்டிலிருந்து மூன்று எடுத்தால் வெறும் வரிசை 720 விதமாக வரும், வெறும் கலர் 1,096 விதமாக வரும். வரிசை அரிது, அதனால் மேலே. ஐந்து சீட்டு எடுத்தால் வரிசை 10,200, கலர் 5,108. இப்போது கலர் அரிது. சீட்டின் எண்ணிக்கை மாறும்போது அருமையும் இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். மூன்றாக வரும் செட்டும் இப்படித்தான். மூணு சீட்டில் அதற்கு மேலே எதுவும் இல்லை. போக்கரில் அதற்கு மேல் வரிசை, கலர், ஃபுல் ஹவுஸ், ஒரே மாதிரி நான்கு, கலர் வரிசை என்று பெரிய ஏணியே இருக்கிறது. இந்த ஏணியைத் தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு ஆடுவதில் எந்த வெட்கமும் இல்லை. நாங்கள் இன்னமும் வைத்திருக்கிறோம்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடுக்க வந்த 2022 சட்டம், அதன் மேல் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னது எல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டது. நான் அதை வரவேற்கிறேன். கைபேசியில் ரம்மி ஆடிக் கடனில் விழுந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அந்த வீட்டு அம்மா நகையை அடகு வைத்துவிட்டு வெறுங்கழுத்தோடு ரேஷன் கடைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ள நினைக்கும் தம்பிகள் தயவுசெய்து நேரில், நண்பர்களோடு, காசில்லாமல் ஆடுங்கள்.

காசில்லை என்றால் யாரும் விலக மாட்டார்கள், எல்லாரும் எல்லாக் கையும் ஆடுவார்கள் என்ற குறை நிஜம்தான். அதற்கு நாங்கள் கண்ட வழி: ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. தீர்ந்தால் தீர்ந்ததுதான், அன்றைக்கு மறுபடி தர மாட்டோம். எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட வேண்டும். அப்புறம் பாருங்கள், ஒரு புளியங்கொட்டையை வைக்க எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று.

டொராண்டோவிலிருந்து:

எங்கட ஆக்களுக்கு ரம்மியைவிட 304தான் நெருக்கம். யாழ்ப்பாணத்தில் பழகின ஆட்டம், இங்கே ஸ்கார்பரோவில் பனிக்காலம் முழுக்க பேஸ்மென்டுகளில் நடக்கும். புள்ளிக் கணக்கு இது: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்துக்கு 10, கிங் 3, குயின் 2. கூட்டினால் 76, நான்கு சின்னத்துக்கும் 304. நாலு பேர் ஆடும்போது முதல் நாலு கடுதாசியைப் (சீட்டைப்) பார்த்தே கேள்வி, அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலம், கேட்க வேண்டும்; கேள்வியை எடுத்தவர் துரும்பைக் (துருப்புச் சீட்டைக்) கவிழ்த்து வைப்பார். மற்றவர்கள் அவர் எந்தத் துரும்பை மறைத்து வைத்திருக்கிறார் என்று அவர் இறக்கும் கடுதாசியை வைத்தே பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் போக்கரில் அப்படியே உதவுகிறது. 304 ஆடினவருக்கு பிளஃப், அதாவது இல்லாத கையை இருப்பதுபோலக் காட்டுவது, என்றால் என்னவென்று தனியாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்களோடு ஆடுகிற ஒரு அண்ணை எனக்குச் சொல்லித் தந்தது இது. ஃப்ளாப்பில் மூன்று ஆட்டின் விழுந்தது. எதிரில் இருந்த பெடியன் உடனே தன் இரண்டு கடுதாசியையும் மூலையைத் தூக்கி மறுபடி பார்த்தான். அண்ணை பெரிதாக ஒரு தொகை வைத்தார், பெடியன் விலகிவிட்டான். பிறகு விளக்கினார்: இரண்டும் ஆட்டினாக இருந்தால் அது அவனுக்கு மனதில் நின்றிருக்கும். ஒன்று சிவப்பு, அது ஆட்டினா டைமண்டா என்று நினைவில்லாதபடியால்தான் திரும்பப் பார்த்தான். ஆக, ஃப்ளஷ் அவனிடம் இல்லை. நான் அன்றிலிருந்து என் கடுதாசியை ஒரே தரம்தான் பார்ப்பது.

பிளஃப் அடிக்க விரும்பும் புதியவர்களுக்கு: எந்தக் கையை வைத்து அடிப்பது என்பதுதான் கேள்வி. கணித மேதை ஜான் வான் நியூமன் 1944இல் பொருளாதார அறிஞர் மோர்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சின்னப் போக்கர் மாதிரியை ஆராய்ந்தார். அதில் மிக நல்ல கைக்கும் மிக மோசமான கைக்கும்தான் பெரிதாக வைக்க வேண்டும், நடுத்தரமான கையைச் சும்மா காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று வந்தது. நடுத்தரக் கை காட்டும் இடத்திலேயே சிலவேளை வெல்லும்; அதைப் பிளஃப் ஆக்கி வீணாக்கத் தேவையில்லை. மோசமான கை வெல்ல, எதிராளி விலகுவதைத் தவிர வேறு வழியில்லை. அதோடு, நீங்கள் ஃப்ளாப்பிலிருந்து வைத்துக்கொண்டு வந்த தொகை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ரிவரில் திடீரென்று பாய்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

மதுரையிலிருந்து:

அக்கா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கையில் இரண்டு ஸ்பேடு, தரையில் இரண்டு ஸ்பேடு, டர்ன் வரை வந்தாச்சு, ரிவர் மட்டும்தான் பாக்கி. எதிரில் இருப்பவர் சிப்ஸ் வைக்கிறார். தொடர்வதா, விடுவதா? ரம்மியில் ஒரு சீட்டுக்குக் காத்திருந்தே பழகிவிட்டதால் விட மனசே வரமாட்டேன் என்கிறது.

சிங்கப்பூரிலிருந்து:

தம்பி, மனசைக் கேட்காமல் கணக்கைக் கேளுங்கள். ஒரு சின்னத்தில் 13 சீட்டு. நான்கு உங்கள் கண்ணில் பட்டுவிட்டது, மிச்சம் 9. நீங்கள் இதுவரை பார்த்தது ஆறு சீட்டு, பார்க்காதது 46. ஆக 46இல் 9, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இப்போது நடுவில் 60 சிப்ஸ் இருக்கிறது, எதிராளி 30 வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் 30 வைத்தால் மொத்தம் 120. அதில் உங்கள் பங்கு கால்வாசி. நான்கில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். உங்களுக்கு வருவதோ ஐந்தில் ஒன்று. விட்டுவிடுங்கள். அதே இடத்தில் அவர் 10 மட்டும் வைத்தால், நீங்கள் 10 போட்டு மொத்தம் 80. எட்டில் ஒன்று போதும். தாராளமாகத் தொடரலாம். ஸ்பேடு வருமா வராதா என்பது இரண்டிலும் ஒன்றுதான். அதற்குக் கேட்கிற விலைதான் வேறு.

மேசையில் இவ்வளவு வகுக்க நேரம் இருக்காது. அங்கிள் சொன்ன குறுக்கு வழி: உதவக்கூடிய சீட்டின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், அடுத்த ஒரு சீட்டுக்கு அதுதான் ஏறக்குறைய சதவீதம். ஒன்பதுக்கு 18, நிஜக் கணக்கு 19, 20 பக்கம் வரும், அது போதும். ஃப்ளாப்பில் இருக்கும்போது இரண்டு சீட்டும் பாக்கி என்றால் நான்கால் பெருக்கலாம். ஆனால் இரண்டையும் மேற்கொண்டு சிப்ஸ் வைக்காமல் பார்க்க முடியும் என்றால்தான் நான்கு. நடுவில் இன்னொரு தடவை வைக்க வேண்டிவரும் என்றால் இரண்டாலேயே பெருக்குங்கள்.

இன்னொன்று, தரையில் ஏற்கெனவே ஜோடி விழுந்திருந்தால் அந்த ஒன்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். உங்களுக்கு ஃப்ளஷ் சேரும்போதே எதிராளிக்கு ஃபுல் ஹவுஸ் இருக்கலாம். அப்படிப்பட்ட தரையில் விலை மலிவாக இருந்தால் மட்டும் நான் தொடர்வேன்.