மறு: 'இழுவைக் கொக்கி' ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்,

பிக்கப் பராமரிப்புக் கையேட்டின் தமிழ் வரைவில் டோ ஹிட்ச் (டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் பொருத்தும் அமைப்பு) வரும் இடமெல்லாம் 'இழுவைக் கொக்கி' என்று போட்டு வந்தோம். கரடுமுரடான தடத்தில் அடிபடுவதைப் பற்றிய பக்கத்தில்தான் அது உதைக்கிறது. அங்கே ஒரு வரி: "இழுவைக் கொக்கி லேசாக அடிபட்டிருந்தால் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம்." எதை ராவுவது?

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சேஸியில் போல்ட் போட்டு இறுக்கிய குறுக்குச் சட்டம் ஒன்று. அதன் நடுவில் பின்பக்கம் வாய் திறந்த சதுரக் குழாய், பெரும்பாலும் 2 அங்குலம். அதற்குள் நுழையும் தண்டு, தண்டின் மேல் குண்டு, குழாயையும் தண்டையும் குறுக்கே கோக்கும் 5/8 அங்குல ஆணி, பக்கத்தில் சங்கிலி மாட்ட வளையங்கள். இதில் கொக்கி எங்கே இருக்கிறது?

மாட்டை வண்டியில் 'பூட்டுகிறோம்'. வேலைக்குரிய வினை கையிலேயே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: முழு அமைப்புக்கு இழுபூட்டு, ரிசீவர் எனும் சதுரக் குழாய்க்குப் பூட்டுக்குழல், பால் மவுண்ட் எனும் குண்டு வைத்த தண்டுக்குக் குண்டுத்தண்டு, ஹிட்ச் பின் எனும் ஆணிக்குப் பூட்டாணி. ரிசீவருக்கு 'ஏற்பி' என்று முன்பு வந்த யோசனை எனக்கு ஒட்டவில்லை. அது உயிரியலில் குடியேறிவிட்ட சொல்.

சேதத்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். மேட்டிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் தரையில் தட்டினால் முதல் அடியை வாங்குவது பூட்டுக்குழலின் கீழ் உதடு. பெயின்ட் மட்டும் போயிருந்தால் கீறல்: கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசினால் தீர்ந்தது. உதட்டின் உள்விளிம்பில் உலோகம் மடங்கி நின்றால் பிசிறு. குண்டுத்தண்டு பாதி போய் முட்டுவதற்கு இதுவே போதும். தட்டை அரத்தால் ராவ வேண்டியது இதை மட்டும்தான்.

குழாயின் சதுரமே கோணினால் அது நெளிவு. வெல்டிங் ஓரமாகப் பெயின்ட் மயிரிழையாக வெடித்து, அதிலிருந்து துருக்கறை கசிந்தால் விரிசல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் சுத்தியலும் ஆகாது, காய்ச்சி நிமிர்த்துவதும் ஆகாது, மேலே ஒரு வெல்டிங் ஓட்டுவதும் ஆகாது. இழுபூட்டையே கழற்றி மாற்ற வேண்டும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ அந்த வாயில் தொங்கும், அதுவும் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்துக்கொண்டு. பிசிறையும் விரிசலையும் 'லேசான சேதம்' என்று ஒரே கூடையில் போட்டால் படிப்பவர் அரத்தோடு நிறுத்திவிடுவார்.

டிபார்ச்சர் ஆங்கிளுக்கு (பின்பக்கம் தரையில் தட்டாமல் வண்டி சமாளிக்கும் சரிவின் கோணம்) 'புறப்பாட்டுக் கோணம்' என்பது ரயில் நிலைய அறிவிப்புப் போல இருக்கிறது. 'பின்தட்டுக் கோணம்' என்றால் என்ன நடக்கும் என்பதே தெரிந்துவிடும்.

---

மறுமொழி:

> பூட்டுக்குழல், பூட்டாணி

பூட்டு என்றதும் எல்லோருக்கும் சாவிதான் நினைவுக்கு வரும். திருட்டைத் தடுக்கும் ஹிட்ச் லாக்கை என்ன செய்வீர்கள், 'இழுபூட்டுப் பூட்டு' என்றா? ஈழ வழக்கில் கொழுவுதல் இருக்கிறதே. 'இழுகொழுவி' எனலாம். குண்டு பற்றியும் ஒரு தயக்கம்: 'இழுகுண்டு வெடித்தது' என்று யாராவது எழுதப்போகிறார்கள்.

---

மறுமொழி:

ஐயா, ஹிட்ச் லாக் என்பது பெரும்பாலும் சாவி போட்டுப் பூட்டும் ஆணிதானே. 'சாவியாணி' போதும். கொழுவி எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கொழுவினால் கழன்றுவிடும் என்ற எண்ணம் வருகிறது, இங்கே கழலக் கூடாது.

குண்டு இருக்கட்டும். சேற்றில் சிக்கிய வண்டியை அதில் பட்டை மாட்டி இழுத்தால் அது முறிந்து உண்மையிலேயே குண்டாகத்தான் பறக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

---

மறுமொழி:

பட்டறைப் பக்கமிருந்து இரண்டு சேர்க்கை. பட்டையின் காதைக் குழலுக்குள் நுழைத்துப் பூட்டாணியில் கோத்து இழுப்பவர்கள் உண்டு. ஆணி வளைந்துவிட்டால் பிறகு வெளியே வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். 'வளைந்த பூட்டாணியை நிமிர்த்திப் போடாதீர்கள், புதிது போடுங்கள்' என்ற வரி கட்டாயம் வேண்டும். அடுத்தது போல்ட். தலையைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த வட்டம் தெரிந்தால் சட்டம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கைக்கணக்கில் இறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

பூட்டுக்குழலுக்கு என் ஓட்டு உண்டு, முதல் தடவை பக்கத்திலேயே ரிசீவர் என்று எழுதினால். பாகம் வாங்கப் போகிறவருக்கு அந்தப் பெயர்தான் உதவும். டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் தரும், கீழே தொங்கி முதலில் உடையும் ஏழு முனைச் சாக்கெட்டை மட்டும் சாக்கெட் என்றே விட்டுவிடுங்கள்.