யூதர் வெறுப்பும் கத்தோலிக்கர் வெறுப்பும் ஒன்றா?

கித்தாக்காட்டான், சுங்கை சிப்புட்:
தோட்டத்து லயத்தில் எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் மாதா படம் இருக்கும். “வேதக்காரர் வீட்டுத் தண்ணீர்” என்று பக்கத்து வீட்டார் செம்பைத் தொட மாட்டார்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கரும் யூதரும் பட்டது இதே வகைதானா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, வேர் வேறு. கத்தோலிக்கர் அரசரைவிடப் போப்பாண்டவருக்கே விசுவாசமாக இருப்பார்கள் என்ற சந்தேகம்தான் அவர்கள்மீதான வெறுப்பின் வேர். 1829இல் அவர்களுக்கு நாடாளுமன்றக் கதவு திறந்தது. யூதரான லயனல் டி ரோத்சைல்ட் 1847இல் தேர்தலில் வென்றும், கிறிஸ்தவ முறையில் உறுதிமொழி எடுக்க மறுத்ததால் 1858 வரை உள்ளே அமர முடியவில்லை. பதினொரு வருடம்!

பால்வெட்டு அக்கா:
ஐயா, ஹிட்லரை விட்டுவிட்டீர்களே. அவன் ஆட்சி 1935ஆம் ஆண்டில் போட்ட நியூரம்பர்க் சட்டங்கள், தாத்தா பாட்டி யாரென்று பார்த்தே ஒருவரை யூதர் என்று முடிவு செய்தன. ஞானஸ்நானம் பெற்ற யூதரும் தப்பவில்லை. கத்தோலிக்கத் தரப்பும் சுத்தமில்லை. கிறிஸ்துவைக் கொன்ற பழியை யூதர் எல்லார் தலையிலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததே 1965இல்தான்.

கித்தாக்காட்டான்:
சரிதான் அக்கா. பெரிய வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி யூதரைத் திட்டித் தீர்ப்பாள். சாகும்வரை ஒரு யூதரைக்கூட அவள் பார்த்ததில்லை.