எம்2 நீர்மூழ்கி மாதிரி: ஹேங்கர் கதவைத் திறந்தால் மூக்கு மூழ்குகிறது, உதவுங்கள்

படகுப்பித்தன்:
வணக்கம். பிரிட்டிஷ் கடற்படையின் எம்2 நீர்மூழ்கியை 1/72 அளவில் ஓடும் மாதிரியாகச் செய்திருக்கிறேன். நீளம் 125 செ.மீ. ரேடியோ கட்டுப்பாட்டில் மூழ்கும், எழும். கோபுரத்துக்கு முன்னால் ஹேங்கர் (விமானம் வைக்கும் அறை), அதற்குள் பார்னல் பீட்டோ மிதவை விமானம். கதவு மூடியிருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. மேலே வந்ததும் கதவைத் திறந்தால், சிற்றலைக்கே மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. கதவிடுக்கில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷரை மூன்று முறை மாற்றிவிட்டேன். வீட்டுத் தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை, குளத்தில்தான். நேற்று கயிறு கட்டியிருந்ததால் மீட்டேன்.

இன்னொன்று: இறக்கையை மடித்தால் பீட்டோ 38 மி.மீ. அகலம் வருகிறது, கதவுக்குள் நுழையவில்லை. எட்டு மாத உழைப்பு. எங்கே தவறினேன்?

நீர்மட்டம்:
வாஷரை விடுங்கள் நண்பரே. மூடிய கதவுக்குத்தான் வாஷர் வேலை செய்யும். உங்கள் படகு மூழ்குவது திறந்த கதவால். இரண்டு விவரம் வேண்டும். திறக்கும் நேரத்தில் கதவின் அடிவிளிம்பு தண்ணீருக்கு மேல் எத்தனை மி.மீ.? ஹேங்கர் தரையில் உடலுக்குள் போகும் துளை ஏதாவது இருக்கிறதா?

படகுப்பித்தன்:
முழுதாக எழுந்தபின் 11 மி.மீ. ஆனால் பேலஸ்ட் தொட்டியை (மூழ்குவதற்கு நீர் நிரப்பும் தொட்டி) பம்ப் காலி செய்ய 40 விநாடி ஆகிறது. நான் கோபுரம் தெரிந்ததுமே திறந்துவிடுகிறேன். அப்போது 4 மி.மீ. இருக்கலாம். துளையும் உண்டு: கதவைத் திறந்து மூடும் செர்வோ மோட்டாரின் ஒயர் தரை வழியாகத்தான் கீழே போகிறது.

நீர்மட்டம்:
நோய் தெரிந்துவிட்டது. நாலு மி.மீ. உயரத்தை எந்த அலையும் தாண்டும். உள்ளே வந்த நீர் முன்பக்கத்தைக் கனமாக்கும், விளிம்பு இன்னும் தாழும், அடுத்த அலை இரட்டிப்பாக வரும். ஒயர்த் துளை வழியே அது உடலுக்குள் இறங்கினால் தீர்ந்தது. துளையை எபாக்ஸிப் பசையால் அடையுங்கள். தொட்டி காலியானால் மட்டும் கதவு செர்வோவுக்கு மின்சாரம் போகும்படி ஒரு மிதவை சுவிட்ச் வையுங்கள். உங்கள் விரலின் அவசரத்துக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது.

கடலோடி மகன்:
படிக்கும்போது நெஞ்சு கனத்துவிட்டது, ஐயா. உண்மையான எம்2 மூழ்கியதற்கும் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். அதில் முதலில் இருந்த 12 அங்குலப் பீரங்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹேங்கரைக் கட்டினார்கள். எழுந்தவுடன் எத்தனை விரைவாக விமானத்தை ஏவுகிறோம் என்பதில்தான் அந்தக் கப்பலின் பயனே இருந்தது. 1932 ஜனவரி 26 அன்று டார்செட் கரைக்கு அப்பால், போர்ட்லண்டுக்கு அருகே பயிற்சியில் இருந்தபோது மறைந்தது. 60 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எட்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது ஹேங்கர் கதவு திறந்திருந்தது, விமானம் உள்ளேயே இருந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் மூழ்கிக் கிடந்த ஜெர்மன் கப்பல்களைத் தூக்கிய எர்னஸ்ட் காக்ஸ், இதையும் தூக்க ஏறக்குறைய ஓராண்டு போராடினார். அந்த டிசம்பரில் மேற்பரப்புக்கு 6 மீட்டர் வரை கொண்டுவந்தும் புயல் வந்து மறுபடி கீழே போய்விட்டது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அதன்பின் பிரிட்டிஷ் கடற்படை நீர்மூழ்கியில் விமானம் ஏற்றுவதையே கைவிட்டது.

பீட்டோவுக்கு வருகிறேன். உண்மை விமானம் மடித்தால் 2.44 மீட்டர், அதாவது உங்கள் அளவில் 34 மி.மீ. விரித்த அகலம் 8.66 மீட்டர், 120 மி.மீ. இறக்கைகளுக்கு இடையே நிற்கும் தாங்குகம்பிகளை எதில் செய்தீர்கள்?

படகுப்பித்தன்:
2 மி.மீ. மூங்கில் குச்சியில்.

கடலோடி மகன்:
அதை 72 ஆல் பெருக்குங்கள். 14 செ.மீ. கனமுள்ள கம்பி! அரை மி.மீ. பித்தளைக் கம்பிக்கு மாறுங்கள். இறக்கை மடியும் கீலும் விமானத்தின் உடலோடு ஒட்டி அமையட்டும். இறக்கை பின்னோக்கித் திரும்பி உடலை அணைத்தாற்போல் கிடக்க வேண்டும்.

படகுப்பித்தன்:
இரண்டு வாரம் ஆயிற்று, மன்னியுங்கள். துளையை அடைத்தேன், மிதவை சுவிட்ச் வைத்தேன். குளத்தில் காற்றடித்த மாலையில் கதவைத் திறந்தபடியே பத்து நிமிடம் விட்டேன். ஹேங்கருக்குள் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் வந்தது, கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை. பித்தளைக் கம்பியில் பீட்டோ 34.5 மி.மீ.க்கு வந்துவிட்டது, வால்பக்கம் முதலில் போனால் நுழைகிறது. கடலோடி மகன் எழுதியதைப் படித்தபின் கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட, கோபுரத்தில் ஒரு சின்னச் சிவப்பு எல்இடியும் வைத்திருக்கிறேன். விமானத்தை நீரிலிருந்து தூக்கும் கிரேனின் கொக்கி அதன் எந்த இடத்தில் மாட்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வேலை அதுதான்.