நெடுந்தீவில் கோபுரம் நின்றால் போதுமா?

நல்லூர்வாசி:
யாழ். மாவட்டத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் இணைய இடைவெளி என்று ஒன்று இனி இல்லை. கடல் நடுவே இருக்கும் நெடுந்தீவிலேயே கைபேசிக் கோபுரம் நிற்கிறது. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு, இணையத்தில் பதிந்து பெறும் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது ஊர்ப்புறத்தாரும் அதைப் பெற்றுக்கொண்டுதானே வரிசையில் நின்றார்கள்?

நெடுந்தீவான்:
கோபுரம் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன் ஐயா. நிற்பது வேறு, வேலை செய்வது வேறு. எங்கள் தீவு டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவு. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானதே 2024 மார்ச்சில்தான். மின்சாரம் தடைப்பட்டால் சிக்னல் எங்கே நிற்கும்? கியூஆரையும் எங்களில் பலர் கொமினிக்கேசன் (தொலைபேசி, இணையச் சேவை) கடையில் காசு கொடுத்துத்தான் எடுத்தோம்.

நல்லூர்வாசி:
மின்சாரம் தனிப் பிரச்சினை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டை நாங்களும் அனுபவித்தோம். கோபுரம் இருக்கிறதா, இல்லையா?

நெடுந்தீவான்:
இருக்கிறது. நான் இல்லை என்று எங்கே எழுதினேன்? கோபுரம் இருந்தும், நிகழ்நிலை விண்ணப்பம் ஒன்றை அனுப்புவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் போய், மாலைப் படகைத் தவறவிடாமல் திரும்பி ஓடிவரும் பிள்ளைகளை நான் அறிவேன். உங்கள் பிள்ளைக்கு அது வீட்டுக் கதிரையில் இருந்தபடி முடியும் காரியம். இதற்கு இடைவெளி என்று பெயரில்லை என்றால் வேறு என்ன பெயர்?

வடமராட்சி ஆசிரியை:
2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினேன். எங்கள் கரையோரக் கிராமத்தில் சிக்னல் நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி. அதையும் தகப்பன் தொழிலுக்குக் கொண்டுபோய்விடுவார். இருவரும் கோபுரத்தை விட்டுவிட்டு, கருவி வாங்கும் வசதியைப் பற்றிப் பேசுங்கள்.

ரொறன்ரோத் தமிழன்:
2025 ஜூலையில் செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டது. கோபுரமே தேவையில்லை. ஊர்ச்சங்கம் கேட்டால் நாங்கள் பணம் அனுப்புவோம். முன்னேற்றத்தைத் தடுப்பது நம் மக்களே. 2019இல் யாழ். மாநகரத்தில் அலைபரப்பிக் கருவி பொருத்தும் ஸ்மார்ட் கம்பங்கள் நாட்டப்பட்டபோது 5ஜி கதிர்வீச்சு என்று அஞ்சித் தெருவில் இறங்கியவர்கள் யார்?

நல்லூர்வாசி:
அந்தக் கம்பங்களை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். மக்களைக் கேளாமல் நாட்டினார்கள், ஆகவே எதிர்த்தோம். குளிர்நாட்டில் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

நெடுந்தீவான்:
வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு வசதி இருக்கிறது. ரொறன்ரோத் தம்பி, கருவியை நீங்கள் வாங்கித் தரலாம். மாதக் கட்டணத்தை யார் கட்டுவது? இன்னொன்றையும் சொல்கிறேன்: தீவகத்துக்கு நியமனம் கிடைத்தால் அதைத் தண்டனை என்று கருதி, ஆண்டு முடியுமுன் இடமாற்றம் கேட்கும் நகரத்து ஆசிரியர்களால், கணினி அறை இருந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போகிறது.

வடமராட்சி ஆசிரியை:
எல்லா ஆசிரியர்களையும் அப்படிச் சொல்ல வேண்டாம். நானும் தீவகத்தில், ஊர்காவற்றுறையில் ஆண்டுக்கணக்கில் கற்பித்தவள்.

நெடுந்தீவான்:
ஊர்காவற்றுறைக்குப் பாலமும் வீதியும் உண்டு, ரீச்சர். நெடுந்தீவுக்கு இல்லை.

நல்லூர்வாசி:
பாலத்துக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு? கோபுரம் இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

நெடுந்தீவான்:
மாற்ற வேண்டாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள், மின்சாரம் நின்ற நேரத்தில் இங்கே வந்து அந்தக் கோபுரத்தின் கீழ் நின்று ஒரு படிவத்தை அனுப்பிக் காட்டுங்கள்.