கார்ன்வாலிஸ் அமெரிக்காவுல கவர்னரா இருந்தாரா?

பாலக்கோட்டுப் பையன்:
குரூப் 2-க்குப் படிக்கிறேன். அமெரிக்காவுல விடுதலைப் போர்ல தோத்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் அங்க கவர்னராவும் இருந்தார்னு கூடப் படிக்கிறவன் சொல்றான். எந்தப் புத்தகத்துலயும் அப்படி இல்ல. நம்ம பாராமகாலை (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சீமை) திப்புகிட்ட இருந்து வாங்கினதும் இவர்தானே?

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
தம்பி, வாங்கினவர் அவர்தான். ஆனா அமெரிக்காவுல அவர் படைத்தளபதி மட்டும்தான். 1781 அக்டோபர் 19 யார்க்டவுன்ல சரணடைஞ்சப்ப, உடம்பு சரியில்லன்னு தனக்கு அடுத்த தளபதி ஓஹாராவை அனுப்பிட்டு உள்ளயே இருந்துட்டார். கவர்னர் ஜெனரல் பதவியெல்லாம் 1786-ல இங்க வந்துதான்.

நீ கேக்கறதுக்குப் பொருந்தற ஆள் ஆர்ச்சிபால்ட் கேம்பல். பாடப்புத்தகம் இவரைச் சீண்டறதே இல்ல, எனக்கு அதுல மனத்தாங்கல்தான். ஸ்காட்லாந்துக்காரர். 1776 ஜூன்ல படையோட பாஸ்டன் துறைமுகத்துக்குள்ள வந்தார். பிரிட்டிஷ் படை மார்ச்லயே ஊரைக் காலி பண்ணிட்டுப் போனது மனுசனுக்குத் தெரியாது! நேரா எதிராளி கையில மாட்டினார். கான்கார்ட் சிறையில அடைச்சாங்க. 1778-ல அமெரிக்கக் கைதி ஈதன் ஆலனை விட்டு, பதிலுக்கு இவரை மீட்டாங்க. அதே வருஷம் டிசம்பர் 29 ஜார்ஜியாவுல இருக்கற சவானா ஊரைப் பிடிச்சார். அடிமையா இருந்த ஒரு கறுப்பினப் பெரியவர் காட்டின சதுப்புநிலப் பாதையில ஒரு பகுதிப் படையைச் சுத்தி அனுப்பினதுலதான் அந்த வெற்றி. ஜார்ஜியா நிர்வாகம் கொஞ்ச நாள் இவர் கையில இருந்துச்சு. அப்புறம் ஜமைக்கா கவர்னர், 1786-ல சென்னை கவர்னர்.

பர்கூர் அக்கா:
சார், அவர் நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் வந்திருக்காரா?

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
எங்கம்மா வர்றது! 1789-லயே சென்னையை விட்டுக் கிளம்பிட்டார், அப்ப நம்ம ஊரெல்லாம் திப்பு கையில. 1791 மார்ச்ல லண்டன்ல செத்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக் கோட்டையை அந்த வருஷம் நவம்பர்ல முட்டிப் பாத்தது மேக்ஸ்வெல்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி. அடி வாங்கிட்டுத் திரும்பினார். சண்டையில கிடைக்காத கோட்டை, 1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில காகிதத்துலயே கைமாறிடுச்சு.

பாலக்கோட்டுப் பையன்:
நன்றி சார். கேம்பலையும் குறிச்சு வெச்சுக்கவா?

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
ஆசைக்குப் படி. பரீட்சைக்கு, பிரிட்டிஷ் கைக்கு வந்த பாராமகாலை நிர்வாகம் பண்ணின அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழ வேலை பாத்த தாமஸ் மன்றோ, பாராமகால் நிலவரி, இதை முதல்ல முடி தம்பி.