பழைய நற்செய்தி ரேடியோ கார்டு, கேசட் யார்கிட்டயாவது இருக்கா?

அண்ணன்மாரே அக்காமாரே, ஒரு உதவி வேணும். நான் தங்கச்சிமடம் பக்கம். நம்ம கரையில நற்செய்தி ரேடியோ, அதான் கிறிஸ்தவ நிகழ்ச்சி போடுற வெளிநாட்டு ரேடியோ, கேட்ட கதைய எழுதி வைக்கணும்னு இறங்கியிருக்கேன், கேட்ட பெருசுங்க ஒவ்வொருத்தரா போய்ச் சேர்ந்துட்டு இருக்காங்க, அதான் அவசரம்.

எங்க தாத்தா வலை பொத்திக்கிட்டே கேப்பாரு. லெதர் கவர் போட்ட ரேடியோ, உப்புக்காத்துல உள்ள இருக்க ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்து கிடக்கும், தீந்துபோன பேட்டரிய வெயில்ல காயவச்சு மறுபடி போடுவாரு. பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி 1976ல ஆரம்பிச்சது, 2018ல சிற்றலைய நிறுத்திட்டாங்க. சீஷெல்ஸ் தீவுல இருந்து வந்த ஃபெபா 2003லயே நின்னுபோச்சு. ஆனா நம்மளுக்கு ரொம்ப கிட்டக்க இலங்கைல இருக்க புத்தளம்தான், அங்கிருந்து வந்தது ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ, மத்திய அலை 882 கிலோஹெர்ட்ஸ். நடுவுல கடல்தானே, உப்புத்தண்ணி மேல மத்திய அலை நல்லா ஓடும், அதனால கரகரப்பு கம்மி. நம்ம மீனவங்களுக்குன்னு பாம்பன்ல கடல் ஓசை எஃப்எம் 90.4 வந்ததே 2016லதான், அதுக்கு முன்னாடி எல்லாம் அக்கரை குரல்தான் துணை.

கேட்டத எழுதிப்போட்டா படம் போட்ட கார்டு அனுப்புவாங்கல்ல, அது யார்கிட்டயாவது இருந்தா போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க. பின்பக்கத்தையும் சேத்து எடுங்க, தேதியும் அலைவரிசையும் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். டேப் பண்ணி வச்ச கேசட் இருந்தா, பூஞ்சை பிடிச்சிருந்தாலும் தூக்கிப் போட்டுறாதீங்க, நானே வீட்டுக்கு வந்து வாங்கி காப்பி எடுத்துட்டு பத்திரமா திருப்பித் தர்றேன். மண்டபம், பாம்பன், ஏர்வாடி, மூக்கையூர் ஆளுங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க ப்ளீஸ்.