கமராவுடன் கடலுக்குள் இறங்கிய முதல் நாட்கள்: திருகோணமலைச் சுழியோடிகளின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து

சிலிண்டர் கட்டிச் சுழியோடத் தொடங்கி எனக்கு நான்கு வருடங்கள் ஆகின்றன. கடைசி இரண்டு வருடங்களாகக் கமராவும் கூடவே வருகிறது. கடலுக்கடியில் படம் எடுக்க விரும்பும் இளையவர்கள் என்னைக் கண்டால் எந்தக் கமராவை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் நீரில் அசையாமல் நிற்கப் பழகுவதற்கு முன்பே கமராவைக் கையில் எடுத்ததனால் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

அது ஒரு வைகாசி மாதம். வாடை முழுமையாக ஓய்ந்து, கடல் தெளிந்து, எங்கள் கரையில் சுழியோடும் பருவம் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில் ஒரு கல்லிடுக்கிலிருந்து அஞ்சாளை ஒன்று தலையை நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் கமராவின் திரையை மட்டுமே பார்த்தபடி அதை நெருங்கினேன். என் கால்கள் மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்ததை உணரவில்லை. திரும்பிப் பார்த்தபோது, மான்கொம்பு போலக் கிளைத்திருந்த முருகைக்கல் ஒன்றின் இரண்டு கிளைகள் முறிந்து, முறிந்த முனைகள் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தன. என் காற்செட்டைதான் அவற்றை முறித்திருந்தது. இறங்கும்போது சிலிண்டரில் இருநூறு பார் அழுத்தத்தில் இருந்த காற்று, அடுத்த தடவை மானியைப் பார்த்தபோது எழுபதாகக் குறைந்திருந்தது. என் துணைச் சுழியோடி எங்கே என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் என் பின்னால், சற்று மேலே, என்னையே கவனித்தபடி நின்றிருந்தார். அந்தப் படத்தை நான் அன்றே அழித்துவிட்டேன். அந்த வெள்ளை முனைகள் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

கரைக்கு வந்ததும் என் பயிற்றுநர் அதட்டவில்லை. அடுத்த பத்துத் தடவையும் கமரா இல்லாமல் இறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பத்துத் தடவைகளில் நான் கற்றதே இன்றுவரை என் படங்களுக்கு அடிப்படை. மூச்சை இழுத்தால் உடல் சற்று எழும்பும், விட்டால் தாழும். ஆனால் உடனே அல்ல, இரண்டொரு நொடி கழித்துத்தான். அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்கத் தெரிந்தவரால், மணலுக்கு ஒரு சாண் மேலே, மணல் கிளம்பாமல், கைகளை அசைக்காமல் நிற்க முடியும். கமராவுக்குப் பதிலாக ஒரு டோர்ச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பழகினேன். கைகளுக்கு வேறு வேலை இருக்கும்போதும் காற்று மானியையும் துணைவரையும் இடைவிடாது பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

இப்போது கமராவுக்கு வருகிறேன். நான் வாங்கியது ஒலிம்பஸ் டி.ஜி.-6, அதுவும் ஒருவர் பாவித்தது. ஹவுசிங் எனப்படும் நீர்புகாக் கவசப்பெட்டி இல்லாமலேயே 15 மீற்றர் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கின்றார். ஆனால் ஆரம்பநிலைச் சான்றிதழ் பெற்றவரே 18 மீற்றர் வரை இறங்கலாம் என்பதால், ஹவுசிங் இல்லாமல் இறங்குவது சரியல்ல. அதற்கென வரும் ஹவுசிங் 45 மீற்றர் தாங்கும். கண்ணாடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதையும் தெளிவாக எடுக்கும் என்பதே நான் இதைத் தெரிந்தெடுத்த காரணம். பரந்த காட்சியும் காணொளியும் விரும்புகிறவர்களுக்குக் கோப்ரோ என்ற சிறிய காணொளிக் கமரா பொருந்தும். சிறிய உயிர்களுக்கு அது பொருந்தாது. கையில் உள்ள பணத்தை முதலில் பயிற்சிக்கும், அடுத்து நல்ல வெளிச்சத்துக்கும், கடைசியாகக் கமராவுக்கும் செலவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஹவுசிங்கின் உயிர், அதன் மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தில்தான் இருக்கிறது. நான் முதல் நாள் இரவே மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, ரிங்கை விரல் நுனியால் கழற்றி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். ஒரு மணல், ஒரு துணி நூல் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு சிலிக்கோன் கிறீஸை ரிங் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசுவேன்; அதிகம் பூசினால் அதுவே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவு கவனம் எனக்கு வந்ததற்கும் ஓர் இழப்புத்தான் காரணம். ஒரு நாள் வள்ளத்தில் அவசரமாக பற்றரியை மாற்றி மூடினேன். நீருக்குள் மூன்று மீற்றர் இறங்குவதற்குள் ஹவுசிங்கின் ஓரத்திலிருந்து நூல் போலக் குமிழிகள் எழுந்தன. மேலே வந்து திறந்தபோது ரிங்கின் மீது என் தலைமுடி ஒன்று குறுக்காகக் கிடந்தது. ஆழத்தில் நீரின் அழுத்தம் மூடியை மேலும் இறுக்கிவிடுவதால், இத்தகைய கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு மீற்றர்களிலேயே வெளிப்படும். ஆகவே புதிய ஹவுசிங் வாங்கியவர்கள் கமராவை வைக்காமல், உள்ளே ஒரு ரிஷ்யூத் தாளை மட்டும் வைத்து ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். தாள் உலர்ந்தபடியே வந்தால்தான் கமராவை உள்ளே வைக்கலாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோணேசர் கோயிலில் கட்டிய சிவப்பு நூல் என் மணிக்கட்டில் இருந்தது. பன்னிரண்டு மீற்றரில் அதைப் பார்த்தபோது கரும்பழுப்பு நிறமாகத் தெரிந்தது. டோர்ச்சை அதன்மேல் பிடித்ததும் சட்டென்று குங்குமச் சிவப்பாக மாறியது. நீர் சிவப்பொளியைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு மீற்றருக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும், பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள். என் முதற் படங்கள் எல்லாம் ஒரே நீலமாக வந்ததற்குக் கமராவின் குறை காரணமல்ல. வெளிச்சம் கொண்டுபோகாதவர்கள், வெள்ளைப் பலகை ஒன்றைப் பார்த்து, வெள்ளையை வெள்ளையாகவே காட்டச் செய்யும் வைட் பேலன்ஸை அந்த ஆழத்திலேயே அமைத்துக்கொண்டு, ஆழம் மாறும்தோறும் மீண்டும் அமைக்க வேண்டும். படத்தை ரோ (RAW) என்ற, கமரா திருத்தாத மூல வடிவில் எடுத்தால், வீட்டில் கணினியில் திருத்துவதற்கும் இடமிருக்கும்.

மூதூரிலிருந்து

அண்ணன் எழுதியதை வாசித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. என் வாப்பா சங்கு குளித்தவர். நான் சிலிண்டர் கட்டியதில்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டுமே. கமராவை முதன்முதலில் புறாமலைத் தீவுக்குத்தான் கொண்டுபோனேன். நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் சில நிமிடங்களில் போய்விடலாம். 2003ஆம் ஆண்டிலிருந்து அது தேசியப் பூங்கா. இரண்டு மீற்றர் நீரில் வெயில் நேரே முருகைக்கல்லில் விழுவதனால், ஸ்ட்ரோப் என்ற நீரடி ஃபிளாஷை வாங்க வசதியில்லாத என் போன்றவர்களுக்கு நிறத்தோடு படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆட்கள் கூடுவதற்கு முன், காலையிலேயே போய்விட வேண்டும்.

அங்கே கருமுனைச் சுறாக்கள் வரும். அவை ஆளைக் கண்டால் விலகிப் போகும் இயல்புடையவை. முதல் நாள் ஒன்றின் பின்னால் மூச்சு வாங்க நீந்தி, வாலை மட்டும் பதினொரு படங்கள் எடுத்து வந்தேன். அவற்றைப் பார்த்த வாப்பா, மீனைத் துரத்தாமல் அது போய்வரும் வழியில் கிடக்கும்படி சொன்னார். மறுநாள் ஒரு கல்லின் அருகே, கை கால்களைத் தளர்த்தி, முகத்தைக் கவிழ்த்து மிதந்தேன். அரை மணி நேரத்துக்குள் அதே அளவிலான சுறா மூன்று தடவை ஒரே பாதையில் சுற்றி வந்தது. மூன்றாவது தடவை அது என் பக்கமாகத் திரும்பியபோது, முதுகுத் துடுப்பின் கறுப்பு நுனியும், அதன் கீழே சாம்பல் தோலில் வெயில் வலைபோல ஆடியதும் தெளிவாகப் படத்தில் விழுந்தன.

தொடங்குகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நீருக்குள் எந்தப் பொருளும் உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கில் இருப்பது போலவும், மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தெரியும். கிட்டே வந்துவிட்டோம் என்று கண் சொல்லும். படத்தில் பார்த்தால் இடையில் நீர் மட்டுமே நிறைந்திருக்கும். நான் இப்போது கண் சொல்வதை விட இன்னும் ஒரு முழம் கிட்டே வரும்வரை பொறுத்திருந்து எடுக்கிறேன். நெருங்குவது மீனாக இருக்கட்டும். நாம் நெருங்கினால் அது போய்விடும்.

திருகோணமலை நகரிலிருந்து

நான் பாடசாலை ஆசிரியை. சுழியோடி மூன்று பருவங்களே ஆகின்றன. கமரா வாங்கியதே ஒரு காரணத்துக்காகத்தான். இங்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடியில், கடலுக்குள், பழைய கோயிலின் தூண்கள் கிடக்கின்றன. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோயில் அது. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடிச் சிதைவுகளைக் கண்டதை என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதை என் கண்ணால் கண்டு, படமாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதே என் ஆசை.

முதல் தடவை கமராவின் சொந்த ஃபிளாஷைப் போட்டு எடுத்தேன். படம் முழுவதும் அரிசிமா தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். தூண் தெரிந்தது, செதுக்கல் தெரியவில்லை. கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் மிதக்கும் துகள்கள்மீது வெளிச்சம் நேரே விழுந்து திரும்பியதுதான் காரணம் என்று பின்னர் அறிந்தேன். அடுத்த தடவை ஃபிளாஷை நிறுத்திவிட்டு, என் துணைச் சுழியோடியிடம் டோர்ச்சைக் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து கல்லோடு சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போனதும் கல்லின் விளிம்பில் இருந்த கோடுகள் நிழலோடு எழுந்து நின்றன. பாசியும் சிப்பியும் மூடியிருந்தும், உளி சென்ற இடம் நேராகத் தெரிந்தது. கோட்டின் பள்ளத்தில் கண்ணாடி போன்ற இறால் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் கல்லைத் தொடவில்லை. தொடுவதற்கு மனம் வரவும் இல்லை.

துணைவர் வராத நாளில் டோர்ச்சை எப்படிப் பிடிப்பது என்பதை அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.

மீண்டும் உப்புவெளியிலிருந்து

தங்கச்சி, துணைவர் வராத நாளில் இறங்கவே வேண்டாம். டோர்ச் பிடிக்க அவருக்கு நேரமில்லை என்றால், ஹவுசிங்கின் அடியில் பொருத்தும் தட்டும், ஒரு முழ நீளத்தில் மடங்கும் கையும் கிடைக்கும். அந்தக் கையின் நுனியில் டோர்ச்சைப் பூட்டி, முழுவதுமாகப் பக்கத்துக்கு விரித்து, வெளிச்சத்தின் விளிம்பு மட்டும் கல்லில் படும்படி சற்று வெளிப்புறமாகத் திருப்பி வையுங்கள். கூடுதல் பாரத்தால் கமரா கீழே இழுக்கும் என்பதால், முதலில் மணல் தரையின் மேலே நின்று பழகிய பிறகே தூண்களுக்குப் போங்கள். கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்தே ஒவ்வொரு பொத்தானையும் பத்துத் தடவை அமத்திவிடுங்கள். உப்பு அந்த இடுக்குகளில்தான் இறுகுகிறது.